மண்டைதீவில் ஓர் அண்ணாவியார்

பண்ணைப் பாலத்தில் ஏறியதுமே சோளகம் முகத்தில் அறைந்தது. ஓட்டோக்காரர் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் ஆழமில்லாத பரவைக்கடல். களங்கட்டி வலைகளின் தடிகள் வரிசை வரிசையாகத் தூரத்துக்குப் போயின. தெருவிலிருந்து அரை மைல் தள்ளி ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த என் மகள் கண் எடுக்காமல் அவரையே பார்த்தாள். "அப்பா, கடலுக்கு நடுவில எப்படி நிக்கிறார்?" என்று கேட்டாள். "இந்தக் கடல் அப்படித்தான், பிள்ளை" என்றேன்.

யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து பத்து நிமிடப் பயணம். இந்தத் தாம்போதித் தெருதான் வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் குறிகட்டுவானுக்கும் போகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மனிடமும் நெடுந்தீவுக்கும் போகிற சனம் நிறைந்த பஸ்கள் இதில்தான் ஓடுகின்றன. மண்டைதீவுச் சந்தியில் அவை நேரே போய்விடும். இடப்பக்கம் திரும்புகிறவர்கள் சிலர்தான். 2025 ஓகஸ்டின் முதல் கிழமையில் நாங்கள் திரும்பினோம்.

மண்டைதீவு என் அப்பா பிறந்த ஊர். பகலில் கடல் தொழில் செய்தார், இரவில் கூத்துக்குப் பிற்பாட்டுப் பாடினார். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப்பகுதியில் இறங்கியபோது உடுத்த சாரத்தோடு எங்களை இழுத்துக்கொண்டு பட்டணத்துக்கு ஓடினார். எனக்கு அப்போது 11 வயது. பிறகு கொழும்பு, அதன்பிறகு நோர்வே. நோர்வேயில் இவ்வளவு தமிழர் இருப்பதற்கு வித்துப் போட்டவரும் இந்தப் பரவைக்கடலின் மறுகரையில் பிறந்தவர்தான். குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் அங்கே போய்ச் சேர்ந்தார். பின்னர் ஊருக்கென்று சீநோர் நிறுவனத்தைத் தொடக்கினார். குருநகரில் வலை பின்னினார்கள், காரைநகரில் படகு கட்டினார்கள். அவர் போட்ட பாதையில் உறவும் அயலுமாக ஒவ்வொருவராகப் போனார்கள். அந்த வரிசையின் கடைசிப் பக்கத்தில் நாங்கள்.

மகள் செல்லோ வாசிக்கிறாள். நோர்வேயில் ஒவ்வொரு நகராட்சியும் பிள்ளைகளுக்கு இசையும் கலையும் கற்பிக்கும் பள்ளியை நடத்தியே ஆகவேண்டும் என்று 1997 முதல் சட்டம் இருக்கிறது. அப்படி ஒரு பள்ளியில் படித்தவள். அவளுடைய ஆசிரியை ஒருநாள் ஒஸ்லோ பில்ஹார்மோனிக் கச்சேரிக்கு மூன்று டிக்கெட் தந்தார். அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். மேலைத்தேய இசைக் கச்சேரிக்கு அவர் போனது அதுதான் முதலும் கடைசியும். அன்றைக்கு சிபேலியஸின் ஐந்தாவது சிம்பொனி. நடத்தியவர் கிளவுஸ் மாக்கெலா என்ற பின்லாந்து இளைஞர்.

அந்தச் சிம்பொனியின் முடிவு விசித்திரமானது. முழு ஓர்க்கெஸ்ட்ராவும் பெருகி வந்து, திடீரென்று நிற்கும். பிறகு ஆறு அடிகள். ஒவ்வோர் அடிக்கும் இடையில் வெறும் மௌனம். சிபேலியஸ் அந்தப் படைப்பைத் திருத்தித் திருத்தி 1919இல்தான் இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அந்த மௌனங்களில் மண்டபத்தில் ஒருவர் இருமவில்லை. மேடையில் நூறு பேர்வரை வில்லைத் தூக்கிப் பிடித்தபடி, ஊதுகுழலை உதட்டில் வைத்தபடி, அந்த இளைஞரின் கை இறங்கக் காத்திருந்தார்கள்.

வெளியே பனியில் நடக்கும்போது அப்பா சொன்னார்: "அவன்ர தடி ஒரு சத்தமும் போடேல்லை. ஆனா எல்லாரும் அவன்ர கையைப் பாத்துத்தான் மூச்சு விட்டவை. பொடியன் நல்ல அண்ணாவியார்."

அந்தச் சொல்லைக் கேட்டு மகள் யார் அண்ணாவியார் என்று கேட்டாள். நான் விளக்கிய விளக்கம் எனக்கே போதாமல் இருந்தது. அப்பா காலமான பிறகு அந்தக் கேள்வி வீட்டிலேயே கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டுதான் இந்தத் தீவுக்கு வந்தோம்.

மாக்கெலாவைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் வயதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஹெல்சிங்கியில் 1996இல் பிறந்தவர். தகப்பன் செல்லோ, தாய் பியானோ. 24 வயதில், 2020இல், ஒஸ்லோ பில்ஹார்மோனிக்கின் தலைமை நடத்துநரானார். அடுத்த ஆண்டே பாரிஸ் ஓர்க்கெஸ்ட்ராவும் அவரிடம் வந்தது. 2022இல் ஒஸ்லோ குழுவோடு சிபேலியஸின் ஏழு சிம்பொனிகளும் இசைத்தட்டாக வந்தன. 2027இல் அம்ஸ்டர்டாமின் கொன்செர்ட்கெபவ் குழுவும் சிக்காகோ சிம்பொனியும் ஒன்றாக அவர் கைக்குப் போகின்றன. உலகின் மிகச் சிறந்த குழுக்கள் என்று சொல்லப்படுகிறவற்றில் இரண்டு, 31 வயதுக்காரர் ஒருவரிடம்.

எனக்கு அந்த வயது பெரிதாகத் தெரியவில்லை. அதற்கு முந்திய வயதுகள்தான் பெரிதாகத் தெரிந்தன. ஏழு வயதில் பின்லாந்து தேசிய ஓபராவின் சிறுவர் குழுவில் பாடப் போனார். 'கார்மென்' மேடையில் நின்று கீழே கைவீசிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்து, தானும் இதையே செய்யவேண்டும் என்று முடிவெடுத்தார். 12 வயதில் சிபேலியஸ் இசைப்பள்ளியில் யோர்மா பனுலாவின் வகுப்பில் சேர்ந்தார். 1930இல் பிறந்த பனுலாவின் கையால் உருவானவர்கள்தான் எசா-பெக்கா சலோனன், யூக்கா-பெக்கா சாரஸ்தே, சக்கரி ஓரமோ. 2000இல் பிறந்த தார்மோ பெல்தொகோஸ்கியும் அவரிடம் படித்தவர்தான். ஐம்பத்தைந்து இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட சனத்தொகை கொண்ட நாடு உலக மேடைகளை இப்படி நிரப்புவதற்கு இரகசியம் ஏதும் இல்லை. பனுலாவின் வகுப்பில் மாணவனுக்கு முன்னால் உண்மையான வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். ஒருவன் நடத்தும்போது மற்ற மாணவர்கள் அந்தக் குழுவில் அமர்ந்து வாசிப்பார்கள். எல்லாம் வீடியோவில் பதிவாகும். பிறகு தன் கையைத் தானே பார்த்துத் திருத்த வேண்டும். ஆசிரியர் அதிகம் பேசமாட்டார்.

வயலின் படிக்கிற பிள்ளைக்கு ஒரு வயலின் வாங்கிக் கொடுத்துவிடலாம். நடத்துநராகப் படிக்கிற பிள்ளைக்கு மனிதர்கள் வேண்டும். மனிதர்கள் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், திரும்பத் திரும்ப வந்து உட்கார வேண்டும். 12 வயதுப் பிள்ளைக்கு அதைக் கொடுக்க முடிந்த நாடு பின்லாந்து.

அப்பாவோடு கூத்தில் நின்ற அண்ணாவியாரின் வீடு ஊரின் உட்புறத்தில் இருந்தது. ஓட்டு வீடு, முற்றத்தில் வேம்பு, மதிலில் காயப்போட்ட வலை. எண்பதைத் தாண்டியவர். அப்பாவின் பெயரைச் சொன்னதும் கதிரையை விட்டு எழும்பினார்.

"பிற்பாட்டுக்காரன்ர மகனோ? வாங்கோ, வாங்கோ தம்பி. கொப்பர் மூண்டாம் சாமத்திலையும் சுருதி விடமாட்டார்."

தேத்தண்ணி வந்தது. மகள் தன் கேள்வியைக் கேட்டாள். அவர் பதிலாகத் தன் கதையைச் சொன்னார். எட்டு வயதில் அவருக்குக் கிடைத்த முதல் வேஷம் சேவகன். "ராசாவுக்குப் பின்னாலை மரவாளோடை நிக்கிறதுதான் வேலை, பிள்ளை. பாட்டும் இல்லை, வசனமும் இல்லை. விடிய விடிய நிண்டு அண்ணாவியாற்ற கையைப் பாத்தன். வேறை என்ன செய்யிறது?"

மகள் என் பக்கம் திரும்பினாள். 'கார்மென்' மேடையில் நின்ற ஏழு வயதுச் சிறுவனை அவளும் நினைத்தாள் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது.

சேவகனுக்குப் பிறகு பெண் வேஷம், பிறகு ராசா, பிறகு மத்தளம். கடைசியாகத் தாளம் கைக்கு வந்தது. குருநகர், பாசையூர், நாவாந்துறை, மெலிஞ்சிமுனை என்று கூத்துக்குப் பேர்போன கரையூர்களுக்கெல்லாம் நடந்தும் வள்ளத்திலும் போய்க் கூத்துப் பார்த்திருக்கிறார். கத்தோலிக்கக் கரையோரங்களில் தென்மோடிக் கூத்து வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. அது வேண்டுதல், திருநாள், ஊரின் மானம். செபஸ்தியார், எஸ்தாக்கியார், ஞானசௌந்தரி, சங்கிலியன். மாதக்கணக்கில் இரவுப் பயிற்சி, பிறகு ஒரே இரவு அரங்கேற்றம்.

அந்த இரவில் அண்ணாவியார் என்ன செய்கிறார் என்பதை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஆட்டக்காரன் ஓர் அடி பாடுவான், பிற்பாட்டுக்காரர் அதை ஏந்திப் பாடுவர். மேடையோரத்தில் தாளத்தோடு நிற்கும் அண்ணாவியார்தான் இரண்டுக்கும் நடுவில் உள்ள கயிறு. ராசாவுக்கு மூச்சு வாங்கினால் தாளத்தைத் தளர்த்துவார். மூன்று மணிக்குச் சனம் தூங்கி விழுந்தால் முடுக்குவார். பாட்டை மறந்து விழித்து நிற்கிறவனுக்கு முதற்சொல்லைச் சபைக்குக் கேட்காமல் எடுத்துக் கொடுப்பார். பாத்திரம் எத்தனை இருந்தாலும் அத்தனை பேரின் பாட்டும் அவர் நெஞ்சில் இருக்கும்.

மாக்கெலாவும் இவரும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. சிம்பொனி நடத்துநர் ஒரே நேரத்தில் இருபது சொச்ச வரிகளைக் காகிதத்தில் வாசித்து, ஒவ்வொன்றையும் காதில் பிரித்துக் கேட்க வேண்டும். கூத்தில் அந்தப் பாரம் இல்லை. ஆனால் சிம்பொனி நடத்துநரிடம் வருகிறவர்கள் வாத்தியம் கற்றுத் தேர்ந்து சம்பளத்துக்கு வருகிறவர்கள். அண்ணாவியாரிடம் வருகிறவன் பகல் முழுக்கக் கடலில் நின்று உப்பேறிய கையோடு வருகிறான். எழுத்து வாசிக்கத் தெரியாதவனும் வருவான். அவனைப் பாடவைத்து, ஆடவைத்து, ராசாவாக்கிவிடுவது அண்ணாவியாரின் வேலை. அதனால்தான் அப்பாவின் வாயில் அந்தச் சொல் அவ்வளவு இயல்பாக வந்தது.

ஐந்து மணிக்கு அயல்வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். மூன்று பெண்பிள்ளைகளும் ஒரு பொடியனும். அண்ணாவியார் உள்ளே போய்த் தாளத்தை எடுத்து வந்தார். வெண்கலத்தின் ஓரம் தேய்ந்து மின்னியது. இரண்டையும் இணைக்கும் கயிறு எப்போதோ அறுந்து, அதற்குப் பதிலாக வலை பொத்தும் நைலோன் நூலைப் பல தடவை முறுக்கிக் கட்டியிருந்தார். மத்தளம் இல்லை. பொடியன் வாங்கு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுக் கையால் தட்டினான்.

தரு என்ற கூத்துப் பாட்டொன்றைப் பழக்கினார். நாலைந்து தடவை ஓடியது. குரல்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றில் ஒன்று ஒட்டிக்கொண்டன. பிறகு ஓரிடத்தில், அடி விழவேண்டிய கணத்தில், அவர் தாளத்தைத் தூக்கிப் பிடித்தபடி நிறுத்தினார். முன்னால் நின்ற சின்னவள் வாயைத் திறந்துவிட்டாள். அவர் தலையை மிக மெல்ல ஆட்டினார். அவள் வாயை மூடினாள். பொடியனின் உள்ளங்கை வாங்குக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. வேம்பில் காற்று இரைந்தது. பிறகு அவருடைய நெஞ்சு ஏறியது. தாளம் விழுவதற்கு முன்னாலேயே, அந்த மூச்சைப் பார்த்தே, நாலு பிள்ளைகளும் ஒன்றாகப் பாட்டில் இறங்கினார்கள்.

மகள் என் கையைப் பிடித்தாள். "அப்பா, சிபேலியஸ்" என்றாள்.

"தாளம் போட ஆரும் பழகலாம்," என்றார் அண்ணாவியார் பின்னர். "போடாமல் நிப்பாட்டி வைக்கிறது இருக்கே, அதுக்குத்தான் எனக்கு இருவது வரியம் போச்சு."

இருட்டும் நேரம் அவருடைய கூத்துச் செற்றைப் பற்றிக் கேட்டேன். 1990க்கு முன் அவரோடு நின்றவர்கள் எங்கே? மத்தளக்காரர் ரொறன்ரோவில் இறந்துபோனார். ராசாவாக ஆடியவர் பாரிஸில். பெண் வேஷக்காரர் இந்தியாவுக்குப் போய் அங்கேயே இருந்துவிட்டார். பிற்பாட்டுக்காரர் ஒஸ்லோ மண்ணில். இன்னும் இருவர் அந்த ஓகஸ்டில் காணாமற்போனவர்கள். அவர்களைப் பற்றி இன்றுவரைக்கும் ஒரு சேதியும் இல்லை. அவர்களின் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் தாளத்தை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். இந்தத் தீவில் காணாமற்போனவர்களைத் தேடும் தாய்மார் முதுமையடைந்துவிட்டார்கள். சிலர் தேடியபடியே போய்விட்டார்கள்.

யுத்தம் முடிந்து திரும்பி வந்தபோது அண்ணாவியார் இருந்தார், தாளம் இருந்தது, பாட்டெல்லாம் நெஞ்சில் இருந்தது. நடத்துவதற்கு ஆட்கள் இல்லை. வில்லை ஒடித்தால் வேறு வில் வாங்கலாம். ஊரை ஒடித்துவிட்டார்கள்.

அண்ணாவிமாரை மதிக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பார்த்தவர்கள் நம்மிடையே இருந்தார்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றியபோது, பழக்குவதற்கு மட்டக்களப்பு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைக் கூப்பிட்டார். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் ஒரு கிராமத்து அண்ணாவியாரின் கையைப் பார்த்து ஆடினார்கள். யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போர் நடந்த ஆண்டுகளிலும் கூத்தையும் திருப்பாடுகளின் நாடகத்தையும் கைவிடவில்லை. இவை சின்ன வேலைகள் அல்ல.

இப்போது புலம்பெயர்ந்த நாடுகளில் கூத்து நடக்கிறது. சந்தோசம். ஆனால் நான் பார்த்த சில மேடைகளில் பிற்பாட்டும் மத்தளமும் முன்கூட்டிப் பதிவு செய்யப்பட்டு ஒலிபெருக்கியில் வருகின்றன. பிள்ளைகள் அதற்கு ஏற்ப ஆடுகிறார்கள். பதிவு செய்த தாளம் யாருக்கும் காத்திருக்காது. ஆட்டக்காரனுக்கு மூச்சு வாங்குவது அதற்குத் தெரியாது. அந்த மேடையில் அண்ணாவியாருக்கு வேலை இல்லை, ஆகவே புது அண்ணாவியார் ஒருவரும் அங்கே முளைக்கப் போவதும் இல்லை. இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி 2025 மார்ச் 8இல் லண்டனில் அரங்கேறியபோது தமிழர்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். அதை நடத்திய கை மிக்கெல் டொம்ஸ் என்ற ஆங்கிலேயருடையது. எழுதுகிறவர் நம்மில் பிறந்துவிட்டார். நடத்துகிறவர் பிறப்பதற்கு நாம் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைக்க வேண்டும். அதைச் செய்யவில்லை.

மறுநாள் காலையில் ஊரைச் சுற்றி நடந்தோம். திருவெண்காடு சித்திவிநாயகர் கோயிலில் அப்பாவின் பெயருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அப்பா கத்தோலிக்கர், அம்மா சைவம், எங்கள் வீட்டில் இரண்டு விளக்கும் எரியும். கூரை போன கல்வீடுகளுக்குள் பூவரசும் எருக்கலையும் வளர்ந்திருந்தன. நிலைக்கதவு இருந்த இடத்தில் வெயில். நாங்கள் ஒஸ்லோ திரும்பிச் சில கிழமைகளில், செப்டெம்பர் 1ஆம் திகதி, இந்தத் தீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அடிக்கல் நாட்டினார். மைதானம் வரட்டும். பிள்ளைகள் விளையாடட்டும். அந்தக் காசில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தால் கூத்துக்கு ஒரு கொட்டகையும் இரண்டு மத்தளமும் வந்துவிடும். அதை அரசிடம் கேட்டு நிற்கத் தேவையில்லை. ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் ஊரின் பெயரில் சங்கம் வைத்திருக்கிறவர்கள் நாங்களே செய்யலாம். கோபுரத்துக்குக் கொடுக்கிற கையால் இதற்கும் கொடுக்க வேண்டும்.

புறப்படுமுன் அண்ணாவியார் கூத்துக் கொப்பியைக் கொண்டுவந்து காட்டினார். மட்டை கிழிந்து, ஓரங்களில் மழைநீர் ஏறிய கொப்பி. 96 பக்கங்கள். சில அடிகளுக்குப் பக்கத்தில் சிறு கோடு போட்டிருந்தார். தாளத்தை நிறுத்திப் பிடிக்கும் இடங்கள் அவை என்றார். மகள் வேம்பின் நிழலில் இருந்து ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்தாள்.

அந்த நாலு பிள்ளைகளும் இப்போதும் ஐந்து மணிக்கு வருகிறார்கள் என்று போனில் சொன்னார். மத்தளம் இன்னும் வாங்குப் பலகைதான். யாழ்ப்பாணத்தில் இதை வாசிக்கிறவர்களில் மத்தளம் அடிக்கத் தெரிந்த ஒருவராவது இருப்பீர்கள். பின்னேரம் ஒரு தடவை பண்ணைப் பாலத்தைத் தாண்டிப் போங்கள். மண்டைதீவுச் சந்தியில் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அண்ணாவியார் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.